தந்தி கொண்டுவந்தவர் தெரியும்... ட்ரிப்ஸுக்கு வழிகாட்டியவர் தெரியுமா? ஓ'ஷாக்னஸியின் கதை

அரசு மருத்துவமனையோ தனியாரோ, எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஸ்டாண்டில் தொங்கும் ட்ரிப்ஸ் பாட்டில்தான். கூடவே இன்னொன்றும் இருக்கும், அதை யாரும் பெரிசா கவனிப்பதில்லை. கட்டில் ஓரத்தில் தொங்கும் ஒரு சார்ட். நோயாளிக்கு எத்தனை மில்லி ஏறியது, வாந்தி, பேதி, யூரின் என எத்தனை மில்லி வெளியே போனது என்று நர்ஸ் அதில் மணிக்கணக்காக எழுதிக்கொண்டே இருப்பார்.

போனதை அளந்து, அதையே திருப்பிக் கொடு. அந்த பாட்டிலுக்கும் சார்ட்டுக்கும் அடிப்படை இந்த ஒரு வரி கணக்குதான். கேட்கும்போது, இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கை 1831-ல் 22 வயது இளைஞர் ஒருவர் போட்டுக் காட்டியும், மருத்துவ உலகம் அதைக் கையில் எடுக்க முக்கால் நூற்றாண்டு ஆனது. அதற்குள் காலராவில் போன உயிர்கள் லட்சக்கணக்கில்.

அந்த இளைஞர் வில்லியம் புரூக் ஓ'ஷாக்னஸி. இந்தியாவுக்குத் தந்தி கொண்டுவந்தவர் என்று வரலாற்றுப் புத்தகங்களில் வருவாரே, அவரேதான்.

யார் இந்த ஓ'ஷாக்னஸி?

1809-ல் அயர்லாந்தின் லிமெரிக் நகரில் பிறந்தவர். டப்ளினில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1829-ல் டாக்டர் பட்டம் வாங்கியாச்சு. அடுத்து லண்டன்.

அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் லண்டனில் யார் வேண்டுமானாலும் கிளினிக் திறந்துவிட முடியாது. உரிமம் வேண்டும். எடின்பரோவில் வாங்கிய பட்டம் அதற்குப் போதவில்லை. கையில் டிகிரி இருக்கு, வேலை இல்லை. இன்றைய இளைஞர்களுக்கு ரொம்பவே புரியும் நிலைமை இது.

அவர் சும்மா இருக்கவில்லை. தனக்குக் கைவந்த வேதியியலை வைத்து, விஷம், ரத்தம் போன்றவற்றைப் பரிசோதிக்கும் வேலையில் இறங்கினார். குழந்தைகள் வாங்கித் தின்னும் கலர் மிட்டாய்களைச் சோதித்து, அந்தச் சாயங்களில் ஈயம், செம்பு, பாதரசக் கலவைகள் இருப்பதை 1831-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். எதையும் சோதனைக் குழாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவது என்ற அந்தப் பழக்கம்தான், அதே ஆண்டின் கடைசியில் அவரைப் பெரிய கண்டுபிடிப்புக்குக் கொண்டுபோனது.

சண்டர்லாந்தில் என்ன பார்த்தார்?

வங்காளத்திலிருந்து கிளம்பி, ரஷ்யா, ஐரோப்பா வழியாகப் பரவிய காலரா, 1831 அக்டோபரில் இங்கிலாந்தின் சண்டர்லாந்து துறைமுகத்தை எட்டியது. காலையில் நன்றாக இருந்தவர் ராத்திரிக்குள் செத்துப்போனார். கஞ்சித் தண்ணி போல லிட்டர் லிட்டராகப் பேதி. கண் குழி விழுந்து, தோல் சுருங்கி, உடம்பு நீலம் பாரித்து, நாடி கைக்கே கிடைக்காது.

டாக்டர்கள் அதற்குச் செய்த சிகிச்சைதான் இன்னும் கொடுமை. கையைக் கீறி ரத்தத்தை வெளியேற்றினார்கள். கலோமெல் என்ற பாதரச மருந்தைக் கொடுத்தார்கள். வாந்தி எடுக்க மருந்து கொடுத்தார்கள். ஏற்கெனவே நீர் வற்றிப்போன உடம்பிலிருந்து மிச்சம் இருந்ததையும் எடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். கீறினால் ரத்தம் தார் போலக் கறுத்து, சொட்டக்கூட மறுத்தது. அது ஏன் என்று பெரும்பாலானோர் கேட்கவில்லை.

ஓ'ஷாக்னஸி கேட்டார். சண்டர்லாந்துக்கே நேரில் போனார். நோயாளிகளின் ரத்தத்தையும் பேதியையும் எடுத்துத் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்தார். டிசம்பர் கடைசியில் லான்செட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் அவர் சொன்ன முடிவுகள் இவை:

• ரத்தத்தில் இருக்க வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி காணாமல் போயிருக்கிறது.
• உப்புகளும் குறைந்திருக்கின்றன. குறிப்பாக, காரத்தன்மை தரும் உப்பு.
• ரத்தத்தில் காணாமல் போன அதே பொருட்கள் பேதியில் இருக்கின்றன.
• யூரின் நின்றுபோனவர்களின் ரத்தத்தில் யூரியா தேங்கியிருக்கிறது.

வரவு செலவு டேலி ஆகிவிட்டது. ஓரிடத்தில் குறைந்தது இன்னோரிடத்தில் இருக்கிறது. அப்படின்னா சிகிச்சை என்ன? இழந்த தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான். குடல் வழியாக உறிஞ்ச வைக்கலாம், அது முடியாவிட்டால் நேரடியாக நரம்பில் ஏற்றலாம் என்று அரசின் சுகாதார வாரியத்துக்குக் கொடுத்த அறிக்கையில் எழுதினார். நரம்பில் திரவம் செலுத்துவதை அதற்கு முன்பே நாயிடம் செய்து பார்த்திருந்தார். மனிதருக்கு அவர் ஏற்றவில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று. காலரா ஒரு கிருமியால் வருகிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நோய்க்குக் காரணம் தெரியாமலேயே, நோயாளியைக் கொல்வது எது என்று கண்டுபிடித்துவிட்டார்.

லீத் நகரில் நடந்தது என்ன?

அந்த அறிக்கையைப் படித்துவிட்டு துணிந்து இறங்கியவர் தாமஸ் லாட்டா. எடின்பரோவை ஒட்டிய லீத் என்ற துறைமுக ஊரின் டாக்டர். 1832 மே மாதம். வயதான ஒரு பெண். எல்லா மருந்தும் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது, மூச்சு மட்டும்தான் பாக்கி. அவர் கையில் நரம்பைத் திறந்து, சமையல் உப்பும் சோடா உப்பும் கலந்த வெதுவெதுப்பான நீரை லாட்டா கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. விடாமல் ஏற்றினார். மூச்சு சீரானது. குழி விழுந்த கண்ணில் உயிர் வந்தது. தொலைந்துபோன நாடி திரும்பக் கைக்குக் கிடைத்தது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் 6 பைன்ட், அதாவது சுமார் 3.4 லிட்டர் ஏறியிருந்தது. இப்போது நன்றாக இருக்கிறது, கொஞ்சம் தூங்கினால் போதும் என்கிற அளவுக்கு அந்தப் பெண் பேசினார்.

பிழைத்துவிட்டார் என்று நம்பி, அங்கிருந்த மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் வாந்தியும் பேதியும் மறுபடி ஆரம்பித்தன. ஆனால் மறுபடி யாரும் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்துபோனார். திரும்பவும் ஏற்றியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று லாட்டா பிறகு வருந்தி எழுதினார்.

சிகிச்சை வேலை செய்தது. தவறிப்போனது சிகிச்சைக்குப் பிந்தைய கவனிப்பு. வெளியே போவது நிற்காதவரை உள்ளே கொடுப்பதும் நிற்கக் கூடாது. அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்று நர்ஸிங் மாணவிகளுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடத்தின் விலை, அன்று அந்தப் பெண்ணின் உயிர்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் கைவிட்டார்கள்?

பல காரணங்கள் சேர்ந்துகொண்டன.

ஒன்று, சாகும் தறுவாயில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் இதைச் செய்தார்கள். அதனால் பலர் இறந்தார்கள். பழி உப்புநீர் மேல் விழுந்தது.

இரண்டு, தண்ணீரையோ கருவியையோ கிருமி நீக்கம் செய்யும் வழக்கம் அப்போது இல்லை. பிழைத்தவர்களுக்கும் ரத்தத்தில் தொற்று ஏற்படும் ஆபத்து இருந்தது. நரம்பில் காற்று புகும் ஆபத்தும் உண்டு.

மூன்று, எவ்வளவு ஏற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதற்கு அளவுகோல் இல்லை. ஆளுக்கு ஒரு கலவை, ஆளுக்கு ஒரு அளவு.

நான்கு, பேச ஆள் இல்லை. 1833-ல் லாட்டா காசநோயில் இறந்துபோனார். அதே ஆண்டு ஓ'ஷாக்னஸி கிழக்கிந்திய கம்பெனியில் உதவி சர்ஜன் வேலை கிடைத்து, கல்கத்தாவுக்குக் கப்பல் ஏறினார். அந்த அலையும் ஓய்ந்திருந்தது. டாக்டர்கள் மறுபடி ரத்தம் வெளியேற்றும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்து வந்த காலரா அலைகளில் இந்தச் சிகிச்சையை அங்கங்கே சிலர் முயன்றதோடு சரி.

கல்கத்தாவில் வேறு ஒரு மனிதர்

விதியின் விளையாட்டு என்று சொல்லலாம். காலராவின் தாய்வீட்டுக்கே வந்து சேர்ந்த ஓ'ஷாக்னஸி, அங்கே பேர் வாங்கியது காலராவால் அல்ல.

1835-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது அங்கே வேதியியல் பேராசிரியர் ஆனார். உள்ளூர் வைத்தியர்கள் பயன்படுத்திய மூலிகைகளை ஆராய்ந்தார். கஞ்சாவை முதலில் விலங்குகளுக்கும் பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்து, 1839 வாக்கில் அவர் எழுதிய ஆய்வுதான் அந்தச் செடியை மேற்கத்திய மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியது. டெட்டனஸ், மூட்டுவலியோடு காலராவுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பையும் வலியையும் அது தணித்தது. காலராவில் உடம்பு இழந்த நீரை எந்த மூலிகையும் திருப்பித் தராது என்பது 1831-ல் அவரே போட்ட கணக்கு.

அதே 1839-ல் இன்னொரு பைத்தியமும் பிடித்தது. மின்சாரம். கல்கத்தாவில் கம்பி இழுத்து, அதன் வழியே செய்தி அனுப்பிக் காட்டினார். கம்பெனி அப்போது கண்டுகொள்ளவில்லை. ஆராய்ச்சிகளுக்காக 1843-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ பதவி மட்டும் கிடைத்தது. பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்த பிறகு, கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி அவரை நம்பி பொறுப்பைக் கொடுத்தார். 1853-ல் வேலை தொடங்கி, சில வருஷத்திலேயே கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் எல்லாம் தந்திக் கம்பியால் இணைந்தன. புயலையும் குரங்குகளையும் தாங்க வேண்டும் என்பதால் மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த இரும்புக் கம்பி போடலாம் என்பது அவர் யோசனை.

1856-ல் சர் பட்டம். அடுத்த வருஷமே 1857 கிளர்ச்சி. ஆங்கிலேயர்கள் அதை அடக்க அந்தத் தந்தி பெரிய ஆயுதமானது. 1860 வாக்கில் இந்தியாவை விட்டுப் போனவர், குடும்பப் பெயரை புரூக் என்று மாற்றிக்கொண்டு, 1889 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்சீயில் காலமானார். அப்போதும் காலரா வார்டுகளில் உப்புநீர் ஏற்றுவது வழக்கமான சிகிச்சையாக மாறியிருக்கவில்லை.

அந்தக் கணக்கு திரும்பி வந்தது எப்படி?

அதுவும் கல்கத்தாவில்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர், காலரா நோயாளியின் ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப உப்புநீர் ஏற்றினார். பிறகு காரமும் சேர்த்தார். இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஓ'ஷாக்னஸி சொன்ன அதே தண்ணீர், அதே உப்பு, அதே காரம். கூடுதலாக வந்தது அளவு.

இன்று பாட்டிலில் ஆர்.எல். என்று எழுதியிருக்கிறதே, அந்த ரிங்கர் லாக்டேட்டிலும் இதே தத்துவம்தான். 1880-களில் இங்கிலாந்தின் சிட்னி ரிங்கர் சோடியம், பொட்டாசியம், கால்சியம் சேர்ந்த கலவையை உருவாக்கினார். 1930-களில் அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். உடம்புக்குள் போனதும் லாக்டேட் காரமாக மாறும். பேதியில் இழந்த அந்தக் காரத்தைத்தான் சண்டர்லாந்தில் ஓ'ஷாக்னஸி கண்டுபிடித்திருந்தார்.

அவர் சொன்ன இன்னொரு வழி, குடல் வழியாக உறிஞ்ச வைப்பது. அதற்கு இன்னும் காலம் பிடித்தது. 1953-ல் கல்கத்தாவின் டாக்டர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாக உப்பு, குளுக்கோஸ் கரைசல் கொடுத்ததை லான்செட்டில் எழுதினார். குளுக்கோஸ் சேர்ந்தால்தான் சோடியம் குடலுக்குள் நன்றாக ஏறும் என்ற அறிவியல் விளக்கம் 1960-களில் வந்தது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் ட்ரிப்ஸ் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலானாபிஸ் குழுவினர் டிரம் டிரம்மாக இந்தக் கரைசலைக் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டிவிடச் சொன்னார்கள். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. மெடிக்கல் ஷாப்பில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இதுதான்.

இன்று வார்டில் நர்ஸ் பார்ப்பது என்ன?

190 வருஷம் ஆன பிறகும் கேள்விகள் அவையேதான். எது குறைந்திருக்கிறது? எவ்வளவு? இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா?

நீர் குறைந்தால்: முதலில் தாகம், எரிச்சல், நிலைகொள்ளாமை. பிறகு கண் குழி விழும், நாக்கு வறளும், நாடி வேகமாக ஓடும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே சமமாகாது. அது திரும்ப 2 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனாலோ, ஆள் சோர்ந்து மயங்கிக் குடிக்கக்கூட முடியாமல் போனாலோ, நிலைமை தீவிரம். வயதானவர்களுக்குத் தோல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதால் கிள்ளிப் பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது.

யூரின்: பெரியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில், ஒவ்வொரு கிலோ எடைக்கும் அரை மில்லியாவது வர வேண்டும். 60 கிலோ ஆள் என்றால் மணிக்கு 30 மில்லி. அதற்குக் கீழே போனால் நர்ஸ் டாக்டரைக் கூப்பிடுவார். யூரின் நின்றவர்களின் ரத்தத்தில் ஓ'ஷாக்னஸி பார்த்த யூரியாவை நினைத்துப் பாருங்கள்.

நீர் அதிகமானால்: இதுவும் ஆபத்துதான். கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும், எடை சட்டென ஏறும். ஒரே நாளில் 1 கிலோ கூடினால், ஏறக்குறைய 1 லிட்டர் நீர் உடம்பில் தங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்குத் தினமும் எடை பார்ப்பது இதனால்தான். சோர்வா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்துங்க என்று நாமாகக் கேட்பது சரியல்ல என்பதற்கும் இதுவே காரணம்.

உப்பு மாறினால்: சோடியம் ரொம்பக் குறைந்தால் குழப்பம், வலிப்பு. பொட்டாசியம் குறைந்தால் தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்பில் கோளாறு. ரத்தப் பரிசோதனையில்தான் உறுதியாகத் தெரியும்.

சிகிச்சையும் அளவோடுதான். நீரிழப்பு தீவிரமான ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, கிலோவுக்கு 100 மில்லி ஆர்.எல். என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை. அதில் 30 மில்லி முதல் அரை மணி நேரத்தில், மீதி 70 மில்லி அடுத்த இரண்டரை மணி நேரத்தில். இடையிடையே நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலைமை தேறவில்லை என்றால் வேகம் கூட்டப்படும். குடிக்கும் நிலைக்கு வந்ததும் ஓ.ஆர்.எஸ்.

வீட்டிலும் இதே விதிதான். பேதி ஆரம்பித்தவுடனேயே ஓ.ஆர்.எஸ். தொடங்க வேண்டும், ஆள் துவண்ட பிறகு அல்ல. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், ஒரு டம்ளர் என்று கண் அளவில் கலந்தால் உப்பு கூடிவிடும், இல்லை குறைந்துவிடும். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடவும் கூடாது. பேதி நிற்கும் வரை, ஒவ்வொரு முறை போன பிறகும் கொடுக்க வேண்டும். லீத் நகரில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

ஓ'ஷாக்னஸிக்கு சர் பட்டம் வாங்கிக் கொடுத்த தந்தி சேவை, இந்தியாவில் 2013 ஜூலையோடு நிறுத்தப்பட்டுவிட்டது. 22 வயதில் அவர் போட்ட கணக்கை ஏதோ ஒரு வார்டில், ராத்திரி டியூட்டியில் இருக்கும் ஒரு நர்ஸ் இப்போதும் சார்ட்டில் எழுதிக்கொண்டிருப்பார்.